வேளாண் பல்கலை பக்கம் குடிவருபவர்களுக்கு

கோவை வேளாண் பல்கலையில் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ இடம் கிடைத்திருக்கலாம். தடாகம் ரோட்டு அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் வேலை கிடைத்திருக்கலாம். ஹாஸ்டல் ஒத்துவராது, லாலி ரோட்டைச் சுற்றி ஒரு வாடகை வீடு வேண்டும் என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் 2004-ல் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து சாமான் லாரியோடு சீரநாயக்கன்பாளையத்தில் வந்து இறங்கினோம். அதற்கப்புறம் மூன்று வீடு மாறியாகிவிட்டது, இந்தச் சுற்றை விட்டு வெளியே போகவில்லை. ஆரம்பத்தில் பட்ட சிரமங்களில் முக்கால்வாசி, முதல் வாரத்திலேயே யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் வந்திருக்காது.

முதலில், எந்தப் பக்கம்

லாலி ரோடு சிக்னலை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் லாலியின் பெயர் அது. 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-ல் கோவைக்கு மாறியது, கல்லூரியாக வளர்ந்து 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது. பக்கத்திலேயே 1912-ல் கரும்பு ஆராய்ச்சி நிலையமும் வந்தது. இங்கே வேலைக்கு வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிலும் வீடு கட்டிக் குடியேறினார்கள். அதனால்தான் ஒரே தெருவில் ஓய்வு பெற்ற பேராசிரியர் வீடு, பண்ணையில் நாற்று நட்டவர் வீடு, நாலு மாணவர்கள் சேர்ந்து எடுத்த மாடி எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன.

கிழக்கே ஆர்.எஸ்.புரம். கடை, ஆஸ்பத்திரி, பள்ளி எல்லாம் நடக்கிற தூரம், வாடகையும் அதற்கேற்ற மாதிரி. தெற்கே சீரநாயக்கன்பாளையமும் பூசாரிபாளையமும். பழைய ஊர்கள், சந்துகள் குறுகல், வாடகை கொஞ்சம் இறங்கும். மேற்கே மருதமலை ரோட்டில் பி.என்.புதூர், அதையும் தாண்டினால் வடவள்ளி. வடவள்ளியில் புது அபார்ட்மெண்டுகள் நிறைய. கார் இருந்து, லிப்ட் வேண்டும் என்றால் அங்கே போங்கள். கல்லூரிக்கு நடந்தோ சைக்கிளிலோ போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது சீரநாயக்கன்பாளையம் அல்லது பி.என்.புதூர்.

எப்போது தேடுவது என்பதும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் இங்கே பெரும்பாலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆவணி பிறந்ததும், தை பிறந்ததும் எல்லோரும் ஒட்டுக்கா வீடு தேடுவார்கள், கல்லூரி திறக்கும் சமயத்தில் அதைவிடப் போட்டி. மாதம் பார்க்காதவர்களாக இருந்தால் ஆடியில் தேடுங்கள். காலியாகக் கிடக்கும் வீட்டுக்காரர் வாடகையிலும் அட்வான்ஸிலும் இறங்கி வருவார். எங்கள் இரண்டாவது வீட்டை அப்படித்தான் பிடித்தோம்.

நடந்து தேடுங்கள்

பழைய தெருக்களில் நல்ல வீடுகள் பல நேரம் ஆன்லைனுக்கு வருவதே இல்லை. கேட்டில் ஒரு அட்டை தொங்கும், அதுவும் இல்லாமல் வாய்வழியாகவே போய்விடும். நாலு இடத்தில் சொல்லி வையுங்கள்: மளிகைக் கடை, பேக்கரி, இஸ்திரி வண்டிக்காரர், காலையில் பால் போடுகிறவர். இதில் இஸ்திரிக்காரருக்குத்தான் அதிகம் தெரியும், எந்த வீட்டில் துணி வருவது நின்றது என்பது அவருக்குத்தானே முதலில் தெரியும்! புரோக்கர் வழியாகப் போனால் பொதுவாக ஒரு மாத வாடகை கமிஷன். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

பிடித்த தெருவை விடிகாலையில் ஒருமுறை, மாலை ஆறரை மணிக்கு ஒருமுறை, மழை பெய்த ராத்திரி ஒருமுறை போய்ப் பாருங்கள். காலையில் போனால் தண்ணீர் நிலவரம் தெரியும், மாலையில் வண்டி நிறுத்த இடம் உண்டா என்று தெரியும். மழையில் சாக்கடை எந்தப் பக்கம் பொங்குகிறது என்பதைச் சொல்லி எந்த வீட்டுக்காரரும் வீடு காட்ட மாட்டார், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை

மூன்று வகை வீடு வரும். ஒன்று லைன் வீடு: ஒரே கேட்டுக்குள் வரிசையாக ஐந்தாறு சின்ன வீடுகள், துவைக்கிற கல்லும் கக்கூசும் பொது. மில்கள் ஓடிய காலத்து ஏற்பாடு இது. வாடகை குறைவு, தனிமையும் குறைவு. அடுத்தது பழைய ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, பின்னால் பொடக்காலி, அதில் ஒரு முருங்கையோ கறிவேப்பிலையோ நிற்கும். கோடையில் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் மழைக்கு முன் ஓடு மாற்றினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரர், மேலே நீங்கள். மாடியில் மேற்குச் சுவர் வெயில் வாங்கினால் ஏப்ரல், மே ராத்திரிகளில் தூக்கம் வராது. மாலை நாலு மணிக்குப் போய் அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள்.

எந்த வீடாக இருந்தாலும் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர்வெல் தண்ணீர் கடினம் என்று அர்த்தம். கெய்சர், வாஷிங் மெஷின் எல்லாம் சீக்கிரம் போகும். கூரையில் மஞ்சள் கறை தெரிந்தால் ஒழுகல். கழிவுநீர் பாதாளச் சாக்கடைக்குப் போகிறதா, செப்டிக் டேங்கா என்று கேளுங்கள்.

கரண்ட் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். தனி மீட்டரா, சப் மீட்டரா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது ஒவ்வொரு இணைப்புக்கும் உரியது. மூன்று குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் அந்த 100 யூனிட் மூன்றாகப் பிரியும், மொத்த யூனிட் ஏற ஏற மேல் அடுக்குக் கட்டணமும் வந்துவிடும். யூனிட்டுக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள். அப்புறம் எர்த். பழைய வயரிங் உள்ள வீடுகளில் அது இருக்கிறதா என்பதை நம்பிக்கையில் விடக் கூடாது. குடிபோவதற்கு முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து காட்டுங்கள். வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு அந்த வீடுகளில் வேண்டவே வேண்டாம்.

அட்வான்ஸ், அக்ரிமெண்ட்

2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. நடைமுறையில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று கேட்பவர்களும் உண்டு. சட்டத்தைச் சொல்லி மரியாதையாகப் பேசிப் பாருங்கள், நிறையப் பேர் இறங்கி வருகிறார்கள்.

கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள், அல்லது பேங்க் மூலம் அனுப்புங்கள். சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு சுவரையும், தரையையும், குழாயையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். முதல் வீட்டில் நாங்கள் இதைச் செய்யவில்லை. நாங்கள் வருவதற்கு முன்பே உப்புப் பூத்திருந்த சுவருக்காக, வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்த செலவை அட்வான்ஸில் கழித்தார்கள். எங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. வெள்ளையடிப்பு யார் செலவு என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள்.

சில வீடுகளில் "எந்த ஊருங்க, என்ன ஆளுங்க?" என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். முதல் கேள்வி சாதாரண விசாரிப்பு, இரண்டாவது சாதி. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அப்படிக் கேட்காத வீடுகள் இதே தெருக்களில் இருக்கின்றன, நாங்கள் இருந்த மூன்றும் அப்படித்தான். கறி சமைக்கலாமா, உறவினர்கள் தங்கலாமா, ராத்திரி கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதையெல்லாம் நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர்

இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். இங்கே இரண்டு தண்ணீர் உண்டு. போரில் வருவது உப்புத் தண்ணி: குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. மாநகராட்சிக் குழாயில் வரும் சிறுவாணி, நல்ல தண்ணி: குடிக்க, சமைக்க மட்டும். சிறுவாணித் தண்ணீரில் துணி துவைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், பார்க்கவும் வேண்டும்.

சிறுவாணி அணை இருப்பது கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே மலையில் பெய்யும் மழைதான் அடுத்த கோடையில் நம் குடம் நிறையுமா என்பதைத் தீர்மானிக்கும். அணையின் முழு நீர்மட்டம் சுமார் 50 அடி. ஆனி, ஆடியில் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரிக்கும் பெரியவர்கள் முதலில் தேடுவது "சிறுவாணி எத்தன அடிங்க?" என்பதைத்தான். ஆர்.எஸ்.புரத்துக்குப் பெயர் தந்த ரத்தினசபாபதி முதலியார், நகராட்சித் தலைவராக இருந்து இந்தத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர். அங்கே உள்ள டி.பி. ரோட்டின் பெயரும் அவருடைய திவான் பகதூர் பட்டம்தான். ஒரு பேட்டைக்கு அவர் பெயர் நிலைத்ததன் நியாயம், கோடையில் ஒரு வாரம் குழாய் வறண்டால் புரிந்துவிடும்.

தண்ணீர் தினமும் வராது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது தெருவுக்குத் தெரு, பருவத்துக்குப் பருவம் மாறும். 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் பகுதி பகுதியாக வந்துகொண்டிருக்கிறது. உங்கள் தெருவுக்கு வந்துவிட்டதா என்று வீடு பார்க்கும் அன்றே கேளுங்கள். வரவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள்.

பழைய வீடுகளின் வாசலில் இரண்டடி ஆழத்தில் ஒரு சின்னக் குழி இருக்கும், அதன் அடியில் குழாய். அழுத்தம் குறைந்த நாளிலும் தண்ணீர் ஏற வேண்டும் என்பதற்காகத் தரைக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். குழிக்குள் நிற்கிற அளவுக்கு ஒரு குட்டைக் குடம் வாங்குங்கள். குழாயைத் திறந்ததும் முதலில் புஸ்ஸென்று காற்று வரும், அப்புறம் செம்மண் நிறத்தில் கலங்கல். அந்த முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். தெளிந்தபின் பிடித்து, வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டிய டிரம்மில் வடிகட்டி ஊற்றுங்கள். டிரம்முக்கு இடுக்கு விடாத மூடி கட்டாயம். டெங்குக் கொசு முட்டை வைப்பது இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான், மாநகராட்சி ஆட்கள் வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, அடுத்த தண்ணீரைப் பிடியுங்கள். குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். பிடித்தால் மோட்டாரை எடுத்துப் போவார்கள், அதைவிட, உங்களுக்கு அடுத்த நாலு வீட்டுக்கு அன்று தண்ணீர் ஏறாது.

நேரம்தான் சிக்கல். விடிகாலை நாலு மணிக்கு வரும், சில நாள் ராத்திரி இரண்டுக்கு வரும். எங்கள் தெருவில் முதலில் முழிக்கும் எதிர்வீட்டு அம்மா, சாவிக் கொத்தால் ஒவ்வொரு கேட்டிலும் மூன்று தட்டுத் தட்டிக்கொண்டே போவார். "தண்ணி வந்துருச்சு, எந்திரிங்க கண்ணு." முதல் மாதம் எனக்கு அது என்ன சத்தம் என்றே புரியாமல் திரும்பிப் படுத்தேன், கேன் தண்ணீர் வாங்கியே காலம் போனது. பிறகு ஒருநாள் போய்ப் பேசினேன். அன்றிலிருந்து எங்கள் கேட்டிலும் மூன்று தட்டு விழுந்தது. நாங்கள் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் எங்கள் இரண்டு குடங்களையும் நிரப்பி, தட்டுப் போட்டு மூடி, திண்ணையில் வைத்திருந்தார். ஆகவே குடிவந்த முதல் நாளே, உங்கள் வரிசையில் கேட்டைத் தட்டுபவர் யார் என்று விசாரித்து அவரிடம் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். மற்ற எல்லா வேலையும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

பேச்சும் பழக்கமும்

வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர்ப் பேச்சின் "ங்க" முதலில் உபசாரமாகத் தோன்றும். அது இங்கே மூச்சு மாதிரி. சின்னப் பையனிடமும் "வாங்க, சொல்லுங்க" என்பார்கள். ஆட்டோக்காரர், காய்கறிக்கார அம்மா, குப்பை வண்டி ஓட்டுபவர் எல்லோரிடமும் நீங்களும் அப்படியே பேசுங்கள். "வா, போ" என்று பேசினால் முகம் சட்டென்று மாறிவிடும். வயதில் பெரியவர்களை அண்ணா, அக்கா, ஐயா, அம்மா என்று கூப்பிட்டால் போதும். உங்களை அவர்கள் "கண்ணு", "சாமி", "அம்மணி" என்று கூப்பிட்டால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள், அது பிரியம்.

முதல் வாரத்தில் வீட்டுக்கார ஆத்தா என்னிடம், "ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குது, வண்டிய சித்த அக்கட்டால நிறுத்து கண்ணு" என்றார். ஒறம்பரை என்றால் விருந்தாளி, அக்கட்டால என்றால் அந்தப் பக்கம். புரியாவிட்டால் கேளுங்கள், சொல்லித் தருவதில் அவர்களுக்கு அத்தனை ஆசை. நோம்பி என்றால் திருவிழா. "மாரியம்மன் நோம்பி சாட்டியாச்சு" என்று கேள்விப்பட்டால், திருவிழா அறிவித்துவிட்டார்கள் என்று அர்த்தம்; சில நாளைக்கு மைக் செட், பூவோடு என்கிற தீச்சட்டி, கூட்டம் எல்லாம் இருக்கும். கோயில் வரி கேட்டு வருவார்கள், முடிந்ததைக் கொடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் பேச்சு, பாட்டு வேண்டாம். ஓட்டு வீட்டுக்குள் அந்தச் சத்தம் அப்படியே இறங்கும், உள்ளே தூங்குபவர் நாலு மணித் தண்ணீருக்கு எழ வேண்டியவர். பைக்கை அடுத்தவர் வாசல் கோலத்தின் மேல் நிறுத்தாதீர்கள். குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரித்துக் கையில் கொடுங்கள்.

காய்கறி, சாப்பாடு

ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்கு விடிகாலையில் போங்கள். தொண்டாமுத்தூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம், தக்காளி, வாழைக்காய், மலையிலிருந்து இறங்கும் கேரட், பீட்ரூட் எல்லாம் கிடைக்கும். விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேச வேண்டியதில்லை. எட்டு மணிக்குப் போனால் மீந்ததுதான்.

தனியாகச் சமைப்பவர்கள் அரிசிம்பருப்பு சாதம் கற்றுக்கொள்ளுங்கள். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, மிளகாய் எல்லாவற்றையும் வதக்கி ஒரே குக்கரில் வைத்துவிடலாம். சாப்பிடும்போது மேலே ஒரு கரண்டி நெய். பரீட்சைக் காலத்தில் இதைவிடக் கைகொடுப்பது எதுவும் இல்லை. மெஸ் தேடுபவர்கள், ஒரு வாரம் தினக்கணக்கில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மாதத்துக்குப் பணம் கட்டுங்கள்.

போக்குவரத்து

காந்திபுரத்திலிருந்து மருதமலை போகும் 70-ம் நம்பர் பஸ் இந்த வழிதான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம். தைப்பூசம், கிருத்திகை, சஷ்டி நாட்களில் மருதமலை ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும், பரீட்சையோ ரயிலோ இருந்தால் முன்கூட்டியே கிளம்புங்கள். பெருமழை பெய்தால் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கும், வேறு வழி போங்கள்.

பல்கலையைப் பக்கத்து வீடாக வைத்துக்கொள்வது

வளாகத்தில் நெல் வயல்களும் தோப்புகளும் இருப்பதால் மாலையில் அந்தப் பக்கக் காற்று நகரத்தைவிடக் குளிர்ச்சி. விடிகாலையில் மயில் அகவும். மொட்டை மாடித் தொட்டியில் கீரை போட்டால் வலை கட்டுங்கள், மயில் வந்து முளையைக் கொத்திவிடும். கதிர் பிடிக்கும் பருவத்தில் சாயங்காலம் விளக்கைச் சுற்றிப் பச்சைப் பூச்சி மொய்க்கும். ஜன்னலுக்குக் கொசு வலை அடித்துவிட்டால் கொசு, பூச்சி இரண்டுக்கும் ஆகும்.

தாவரவியல் பூங்கா பொதுமக்களுக்குத் திறந்தது, நுழைவுக் கட்டணம் சின்னத் தொகைதான். பூச்சி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கௌலி பிரவுன் ரோட்டு வன வளாகத்தில் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே உள்ள பழைய மரங்களின் கீழ் நடப்பதற்காகவே ஒரு ஞாயிறை ஒதுக்கலாம். வயல் ஓரம் நடக்கும்போது பலகை நட்ட பாத்திகளுக்குள் கால் வைக்காதீர்கள். ஒரு கதிரைப் பறித்தாலும் யாரோ ஒரு மாணவரின் ஆராய்ச்சிக் கணக்கு கெட்டுப்போகும்.

காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் சொன்னபடி முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். மீட்டர் ரீடிங்கையும் சுவர்களையும் மறுபடி போட்டோ எடுங்கள். அட்வான்ஸ் கைக்கு வரும் தேதியை வாட்ஸ்அப்பிலாவது உறுதி செய்துகொள்ளுங்கள். வாடகை பாக்கி, கரண்ட் பாக்கி இல்லை என்று ஒரு வரி வாங்குங்கள். கேஸ் முகவரியை மாற்றுங்கள். தெருவில் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள்.

அப்புறம், தண்ணீர் விவரத்தை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள். நாங்கள் இரண்டாவது வீட்டுக்குப் போனபோது, முன்பு இருந்த ஆராய்ச்சி மாணவி அப்படி ஒட்டியிருந்தாள். "வியாழன் ராத்திரி இரண்டு மணிக்கு மேல். பக்கத்து வீட்டு அக்கா கேட்டைத் தட்டுவார். முதல் குடம் கலங்கல், கறிவேப்பிலைக்கு ஊற்றவும்."